கையை நீட்டு, எண்ணிப் பார், பிறகு விடு: ஆங்கிலத்தின் நான்கு சுட்டுச்சொற்கள்

‘இந்தப் படகு’ என்கிறோம். ‘இந்தப் படகுகள்’ என்றும் சொல்கிறோம். படகு ஒன்றானாலும் பத்தானாலும் ‘இந்த’ அசைவதில்லை. ஆங்கிலத்தில் அது அசையும். தமிழர் ஆங்கிலச் சுட்டுச்சொற்களில் விடும் பிழைகளில் பாதி இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது. மற்றப் பாதி, ஒரு முறை சுட்டிய பொருளை விடாமல் திரும்பத் திரும்பச் சுட்டிக்கொண்டிருப்பதால் வருவது. கிட்ட, தூர என்று பிரிக்க எவரும் நமக்குக் கற்பிக்கத் தேவையில்லை. இகரமும் அகரமும் அந்த வேலையை நம் வாயில் எப்போதோ பழக்கிவிட்டன.

சொற்கள் நான்குதான். கிட்ட இருக்கும் ஒன்றுக்கு ‘திஸ்’, கிட்ட இருக்கும் பலவற்றுக்கு ‘தீஸ்’. தூர இருக்கும் ஒன்றுக்கு ‘தட்’, தூர இருக்கும் பலவற்றுக்கு ‘தோஸ்’. நான்கும் இரண்டு விதமாக நிற்கும். பெயருக்கு முன்னால் வந்தால் ‘இந்த’, ‘அந்த’ என்ற வேலை: ‘திஸ் போட்’. தனியே நின்றால் ‘இது’, ‘அவை’ என்ற வேலை: ‘திஸ் இஸ் எ போட்’. தமிழில் இவ்விரண்டுக்கும் வேறு வேறு வடிவம் உண்டு; ஆங்கிலத்தில் ஒரே வடிவம் இரண்டையும் சுமக்கிறது. இதில் எவரும் தடுக்கி விழுவதில்லை, ஆகவே மேலே போவோம்.

முதற் கேள்வி: கைக்கு எட்டுமா?

கிட்ட என்பதற்கு மீற்றர் கணக்கு கிடையாது. கையில் இருப்பது, தொட்டுக் காட்டக்கூடியது, நாம் உள்ளே நிற்கும் இடம் ஆகியவை ‘திஸ்’. கையை நீட்டி விரலால் காட்ட வேண்டியது ‘தட்’. திருகோணமலையின் டச்சுக் குடாக் கடற்கரையில் நின்றுகொண்டு சுவாமி மலை மேல் இருக்கும் கோயிலைக் காட்டினால் ‘தட் இஸ் கோணேஸ்வரம்’. படியேறிக் கோயில் முற்றத்துக்கு வந்துவிட்டால் அதே கோயில் ‘திஸ் இஸ் கோணேஸ்வரம்’. கோயில் நகரவில்லை, நாம் நகர்ந்தோம். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டும்போது ‘திஸ் இஸ் மூதூர், அண்ட் திஸ் இஸ் கிண்ணியா’. தலையை நிமிர்த்திக் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் தெரியும் கரையைக் காட்டும்போது ‘தட் இஸ் மூதூர்’. விரல் தொடுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் நம்மைக் குழப்பக்கூடும். தமிழ் இலக்கணத்தில் சுட்டெழுத்து மூன்று: அ, இ, உ. தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது, ஆனால் யாழ்ப்பாணப் பேச்சிலும், அந்தப் பக்கத்துத் தொடர்புள்ள வீடுகளிலும் ‘உது என்ன?’, ‘உதை வை’, ‘உங்க நில்’ என்பது இன்றும் உயிரோடு இருக்கிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதை ‘உது’ என்று சுட்டுவோம். இரண்டு முழத் தூரத்தில் இருந்தாலும் அது ‘அது’ ஆகாது. ஆங்கிலத்தில் இந்த ‘உது’வுக்கு எப்போதும் ‘தட்’தான். எதிரே நிற்பவரின் கையில் இருக்கும் பையைக் காட்டி ‘வொட் இஸ் தட் இன் யுவர் ஹாண்ட்?’ என்று கேட்க வேண்டும். கிட்டத்தானே இருக்கிறது என்று ‘திஸ்’ போட்டால், தன் கையில் இருப்பதை நாம் நம்முடையதாக்கிப் பேசுவதுபோல அவருக்குத் தட்டுப்படும். ஆங்கிலத்திலும் முன்பு மூன்றாவதாக ‘யொன்’ என்றொரு சுட்டு இருந்தது. இப்போது வட்டார வழக்கிலும் பழைய கவிதையிலும் மட்டும் தலை காட்டுகிறது. அது கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்பதைச் சுட்டிய சொல், நம் ‘உது’வுக்கு உறவில்லை.

இதைப் பழக மீன் கடையைப்போல வசதியான இடம் இல்லை. நடுவே ஒரு பலகை, அந்தப் பக்கம் விற்பவர், இந்தப் பக்கம் வாங்குபவர். ஒரே மீனை இருவரும் வேறு சொல்லால் சுட்ட வேண்டியிருக்கும். விற்பவர் பக்கத்தில் கிடக்கும் பாரை மீனைக் காட்டி வாங்குபவர் கேட்கிறார்: ‘ஹவ் மச் இஸ் தட் ஃபிஷ்?’ விற்பவர் அதைத் தூக்கிப் பிடித்து, ‘திஸ் வன்?’ என்கிறார். ‘யெஸ், தட் வன்.’ மீன் கைமாறுகிறது. இப்போது வாங்குபவர் பிடித்துப் பார்த்து, ‘ஓகே, ஐ’ல் டேக் திஸ்’ என்கிறார். இருவர் எதிரெதிரே இருந்து, ஒரு பேனையை மாற்றி மாற்றிக் கொடுத்து இந்த நான்கு வரியையும் சொல்லிப் பழகினால், தூரம் பற்றிய பாடம் அத்துடன் முடிந்தது. விடுமுறையில் வரும் வெளிநாட்டாரோடு வியாபாரம் செய்பவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று: வாடிக்கையாளர் ‘தட் வன்’ என்றதைக் கேட்டு நாமும் ‘யெஸ், தட் வன்’ என்று கையில் பிடித்தபடி சொல்லக் கூடாது. நம் கையில் இருப்பது நமக்கு ‘திஸ்’.

இரண்டாம் கேள்வி: எத்தனை?

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் ஒன்றைப் பலவாக்கினால் மூன்று இடத்தில் மாற்றம் விழும்: சுட்டுச்சொல், பெயர்ச்சொல், வினைச்சொல். ‘திஸ் போட் இஸ் நியூ’ என்பது ‘தீஸ் போட்ஸ் ஆர் நியூ’ ஆகும். மூன்றில் ஒன்றை விட்டாலும் வாக்கியம் நொண்டும். வகுப்புக் கொப்பிகளில் அடிக்கடி தெரியும் பிழை ‘திஸ் போட்ஸ் ஆர் நியூ’. பெயரும் வினையும் சரியாக மாறியிருக்க, ‘இந்த’ மாறாத தமிழ்ப் பழக்கம் ‘திஸ்’ஸை அங்கேயே நிறுத்திவிடுகிறது. எழுதி முடித்ததும் பின்னிருந்து முன்னாகச் சரிபார்ப்பது நல்ல வழி. வினையில் தொடங்குங்கள்: ‘ஆர்’ என்றிருந்தால், பெயரின் முடிவில் ‘ஸ்’ இருக்கிறதா, அதற்கு முன்னால் ‘தீஸ்’ அல்லது ‘தோஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். முன்னிருந்து படித்தால் பொருள் விளங்கிவிடுவதால் பிழை கண்ணில் படாது.

‘ஸ்’ இல்லாமலே பன்மையாகும் பெயர்கள் சில உண்டு. திருகோணமலைப் பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் இதற்கு நல்ல பயிற்சி. ஒரு மான் என்றாலும் ‘டியர்’, கூட்டம் என்றாலும் ‘டியர்’. அப்போது எண்ணைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் சுட்டின் மேலும் வினையின் மேலும் விழுகிறது: ‘திஸ் டியர் இஸ் ஹங்ரி’ என்றால் ஒன்று, ‘தீஸ் டியர் ஆர் ஹங்ரி’ என்றால் பல. ‘டியர்ஸ்’ என்று மானுக்குச் சொல்வதில்லை. ‘ஃபிஷ்’ஷும் இப்படியே: ‘தட் ஃபிஷ்’, ‘தோஸ் ஃபிஷ்’. செம்மறியாட்டுக்கும் ‘திஸ் ஷீப்’, ‘தீஸ் ஷீப்’. ஆளைக் குறிக்கும் ‘பீப்பிள்’ பார்வைக்கு ஒருமை போலிருக்கும், ஆனால் பன்மை: ‘தீஸ் பீப்பிள் ஆர்’. ‘சில்ட்ரன்’ ஏற்கெனவே பன்மை, ஆகவே ‘தீஸ் சில்ட்ரன்’. ‘திஸ் சில்ட்ரன்’ என்பதும் ‘தீஸ் சில்ட்ரன்ஸ்’ என்பதும் பிழை.

மறுபக்கம், எண்ண முடியாதவை என்று ஆங்கிலம் ஒதுக்கி வைத்த பெயர்கள். இவற்றுக்கு ‘திஸ்’, ‘தட்’ மட்டுமே. ‘தீஸ்’, ‘தோஸ்’ கிட்ட வராது. தண்ணீர், அரிசி, மணல் போன்றவற்றில் பிழை வருவதில்லை. அகப்படுவது இவற்றில்: ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எக்விப்மன்ட்’, ‘ஹோம்வேர்க்’. தமிழில் தளபாடங்கள், பொதிகள், தகவல்கள், ஆலோசனைகள் என்று தாராளமாகப் பன்மை போடுகிறோம். அதே வேகத்தில் ‘தீஸ் ஃபர்னிச்சர்ஸ்’, ‘தீஸ் இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். பத்துக் கதிரை கிடந்தாலும் ‘திஸ் ஃபர்னிச்சர் இஸ் ஓல்ட்’. எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘பீசஸ்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைக்கலாம்: ‘தீஸ் டூ பீசஸ் ஒஃப் லக்கேஜ்’. ‘நியூஸ்’ இன்னொரு பொறி. முடிவில் ‘ஸ்’ போலக் கேட்டாலும் அது ஒருமை: ‘திஸ் நியூஸ் இஸ் ட்ரூ’.

கத்தரிக்கோல், மூக்குக் கண்ணாடி, காற்சட்டை ஆகியவை இதற்கு நேர் எதிர். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை: ‘தீஸ் சிசர்ஸ் ஆர் ஷார்ப்’, ‘தோஸ் கிளாசஸ் ஆர் மைன்’. இரண்டு கால், இரண்டு கண்ணாடி, இரண்டு அலகு என்று நினைவில் வைத்தால் மறக்காது. ‘பெயர் ஒஃப்’ (ஒரு சோடி) என்று முன்னால் சேர்த்தால் மீண்டும் ஒருமைக்கு வந்துவிடலாம்: ‘திஸ் பெயர் ஒஃப் சிசர்ஸ் இஸ் ஷார்ப்’.

வகை சொல்லும்போது சுட்டு எதைப் பற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். அது வகையோடு சேருகிறது, பொருளோடு அல்ல. ஒரு வகை என்றால் ‘திஸ் கைண்ட் ஒஃப் ஃபிஷ்’. பல வகை என்றால் ‘தீஸ் கைண்ட்ஸ் ஒஃப் ஃபிஷ்’. ‘தீஸ் கைண்ட் ஒஃப்’ என்று ஆங்கிலேயரே பேச்சில் சொல்வதுண்டு. பரீட்சைத் தாளில் அது எடுபடாது.

எண்ணும் அடைமொழியும் சேரும்போது வரிசை தமிழ்போலவேதான்: சுட்டு, எண், அடைமொழி, பெயர். சீனன்குடாவில் நிற்கும் ஆங்கிலேயர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகளைத் தூரத்திலிருந்து காட்டினால் ‘தோஸ் நைன்டி நைன் ஓல்ட் ஒயில் டாங்க்ஸ்’. எல்லாம், இரண்டும், பாதி போன்ற சில சொற்கள் சுட்டுக்கு முன்னால் பாயும்: ‘ஓல் தீஸ் போட்ஸ்’, ‘போத் தோஸ் ரூம்ஸ்’, ‘ஹாஃப் திஸ் கேக்’. தமிழில் ‘இந்தப் படகுகள் எல்லாம்’ என்று கடைசியில் வருவதால், ‘தீஸ் ஓல் போட்ஸ்’ என்று எழுதுபவர்கள் உண்டு. அது பிழை.

உடைமையும் சுட்டும் ஒரே பெயருக்கு முன்னால் ஒன்றாக நிற்கவே நிற்காது. ‘என்ட இந்தப் போன்’ என்பதை ‘மை திஸ் ஃபோன்’ என்று சொல்ல முடியாது, ‘திஸ் மை ஃபோன்’ என்றும் முடியாது. உடைமையைப் பின்னால் தள்ள வேண்டும்: ‘திஸ் ஃபோன் ஒஃப் மைன்’, ‘தட் பிரதர் ஒஃப் யுவர்ஸ்’. இரண்டாவது தொடரில் லேசான குத்தல் ஒலிக்கும் என்பதால், உங்கள் அண்ணன் என்று மரியாதையாகக் கேட்க வேண்டிய இடத்தில் ‘யுவர் பிரதர்’ போதும்.

மூன்றாவது: சுட்டியாயிற்று, இனி விடுங்கள்

தமிழின் ‘அது’ இரண்டு வேலை பார்க்கிறது. தூரத்தில் இருப்பதைச் சுட்டுவது ஒன்று, ஏற்கெனவே பேசிய பொருளைத் திரும்பச் சொல்வது மற்றது. ஆங்கிலம் முதல் வேலைக்குத் ‘தட்’டையும் இரண்டாவது வேலைக்கு ‘இட்’டையும் வைத்திருக்கிறது. ஒரு பொருளை முதன்முதலில் காட்டும்போது மட்டும் சுட்டுச்சொல். கேட்பவருக்கு எதைச் சொல்கிறோம் என்று தெரிந்துவிட்டால், அடுத்த வாக்கியத்திலிருந்து ஒருமைக்கு ‘இட்’, பன்மைக்குத் ‘தே’.

கோட்டை வாசலில் நின்று ஒரு வழிகாட்டி சொல்வதை எடுப்போம். ‘திஸ் இஸ் ஃபோர்ட் பிரட்றிக். த போச்சுகீஸ் பில்ட் இட் இன் 1624. த டச் ரீபில்ட் இட் இன் 1665. த பிரிட்டிஷ் டுக் இட் இன் 1795.’ முதல் வரியில் ஒரு ‘திஸ்’, பிறகு எல்லாம் ‘இட்’. ஒவ்வொரு வரியிலும் ‘திஸ்’ வைத்தால், கேட்பவர் ஒவ்வொரு முறையும் வேறெதையோ காட்டுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்.

கேள்வி பதிலிலும் இதே விதி. ‘வொட் இஸ் திஸ்?’ என்றால் ‘இட்’ஸ் எ கணவாய்’ என்பதுபோல ‘இட்’டில் பதில். ‘வொட் ஆர் தீஸ்?’ என்றால் ‘தே ஆர் ப்ரோன்ஸ்’. ‘இஸ் திஸ் யுவர் பாக்?’ என்று கேட்டால் ‘யெஸ், இட் இஸ்’ என்பது பதில், ‘யெஸ், திஸ் இஸ்’ அல்ல. ‘ஆர் தோஸ் யுவர் ஷூஸ்?’ என்றால் ‘நோ, தே ஆர்ன்ட்’. வாக்கிய முடிவில் ஒட்டும் குட்டிக் கேள்விக்கும் சுட்டு வராது: ‘திஸ் இஸ் த கிண்ணியா பஸ், இஸ்ன்ட் இட்?’, ‘தோஸ் ஆர் யுவர்ஸ், ஆர்ன்ட் தே?’ பரீட்சையில் இந்தக் குட்டிக் கேள்வியில் ‘இஸ்ன்ட் திஸ்’ என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஏராளம்.

முன்பு சொன்ன பொருளை விட்டு, முன்பு சொன்ன *விடயத்தை* முழுதாகப் பிடித்துப் பேசும்போது மட்டும் ‘தட்’ மறுபடி வரலாம். ‘ஹீ மிஸ்ட் த நைட் மெயில். தட் இஸ் வை ஹீ இஸ் லேட்.’ இங்கே ‘தட்’ என்பது ரயிலை அல்ல, ரயிலைத் தவறவிட்ட செய்தியைக் குறிக்கிறது. நம் ‘அதனாலதான்’, ‘அது சரி’, ‘அவ்வளவுதான்’ மூன்றும் ஆங்கிலத்தில் ‘தட்’ஸ் வை’, ‘தட்’ஸ் ரைட்’, ‘தட்’ஸ் ஓல்’ என்று அகரத்துக்குத் ‘தட்’டாகவே இறங்கும். இனிச் சொல்லப்போவதை முன்கூட்டியே காட்டுவதற்கு ‘திஸ்’: ‘லிசின் டு திஸ்’, ‘டூ இட் லைக் திஸ்’. கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒரு சொல். பின்னோக்கிக் காட்டும் ‘திஸ்’ஸைத் தனியே விடாதீர்கள், ஒரு பெயரைச் சேருங்கள். ‘திஸ் இஸ் எ ப்ரொப்ளம்’ என்று தொடங்கினால் எது என்ற கேள்வி எழும். ‘திஸ் ஷோர்ட்டேஜ்’, ‘திஸ் ஹாபிட்’ என்றால் எழாது.

ஆட்களைச் சுட்டும்போது

தமிழில் மனிதருக்கு இவர், இவ, இவன், அவர், அவ, அவன் என்று தனிச் சுட்டுகள் உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. அறிமுகம் செய்யும் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மனிதருக்கும் ‘திஸ்’: ‘திஸ் இஸ் மை ஆன்ட்டி’. ‘ஷீ இஸ் மை ஆன்ட்டி’ என்று தொடங்கினால் அறிமுகமாகாது, யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகிவிடும். அடுத்த வரியில் உடனே ‘ஷீ’க்குப் போங்கள்: ‘ஷீ லிவ்ஸ் இன் உப்புவெளி’. பலர் என்றால் ‘தீஸ் ஆர் மை கசின்ஸ்’. ஆனால் ‘இவர் நேற்று வந்தார்’ என்பதை ‘திஸ் கேம் யெஸ்டர்டே’ என்று சொல்லக் கூடாது. தனியே நிற்கும் ‘திஸ்’ அறிமுக வாக்கியத்தைத் தாண்டினால் அஃறிணையாகிவிடும். ‘ஹீ கேம் யெஸ்டர்டே’, அல்லது ‘திஸ் மான் கேம் யெஸ்டர்டே’.

மரியாதை இன்னொரு தலையிடி. ‘இவர்’ என்பதிலேயே நாம் மரியாதையை வைத்துவிடுகிறோம், ‘திஸ்’ஸில் அது கிடையாது. எதிரே நிற்பவரைப் பற்றி வேறொருவரிடம் ‘திஸ் மான் வோன்ட்ஸ் எ ரூம்’ என்றால் முகம் சுளிப்பார். ‘திஸ் ஜென்டில்மன்’, ‘திஸ் லேடி’ என்பது விடுதி வரவேற்பு மேசைக்கும் படகுத் துறைக்கும் ஏற்ற சொல். ‘தட் வுமன்’ என்பதில் ‘அந்தப் பொம்பிள’ என்ற காரம் எட்டிப் பார்க்கும். தூரத்தில் நிற்கிறார் என்பதற்காக மட்டும் அதைப் பாவிக்காதீர்கள்.

தொலைபேசியில் தன்னைச் சொல்ல ‘திஸ் இஸ்’ வைத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். ‘ஐ ஆம் குமார் ஸ்பீக்கிங்’ என்பது நம்மிடையே பழகிப்போனது, ஆனால் வழக்கு ‘திஸ் இஸ் குமார்’ அல்லது ‘குமார் ஸ்பீக்கிங்’. மறுமுனையில் யாரென்று கேட்கப் பிரித்தானியர் ‘ஹூ இஸ் தட்?’ என்பார்கள், அமெரிக்கர் ‘ஹூ இஸ் திஸ்?’ என்பார்கள். இரண்டும் சரி. இரண்டைவிடவும் ‘மே ஐ நோ ஹூ’ஸ் கோலிங்?’ பணிவானது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் சுட்ட ஒருவரும் கண்முன் இல்லை, ஆகவே ‘ஹூ இஸ் இட்?’

காலம்

இன்று, அன்று என்ற சொற்களிலேயே இகரமும் அகரமும் குந்தியிருக்கின்றன. ஆங்கிலத்திலும் காலத்துக்கு அதே பிரிவு: நாம் இப்போது உள்ளே இருக்கும் காலத்துக்குத் ‘திஸ்’, கடந்துபோன காலத்துக்குத் ‘தட்’. ‘இன்று காலை’ என்பது ‘திஸ் மோர்னிங்’. ‘டுடே மோர்னிங்’ என்று தமிழ் உலகம் முழுவதும் சொல்கிறது. ஆங்கிலத்தில் அப்படியொரு தொடர் இல்லை. ‘இன்று மாலை’ ‘திஸ் ஈவினிங்’. இன்று இரவுக்கு மட்டும் ‘திஸ் நைட்’ வராது, ‘டுநைட்’. நேற்று இரவு ‘லாஸ்ட் நைட்’.

‘அன்று காலை’ என்றால் ‘தட் மோர்னிங்’. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதைப் பற்றி எழுதுபவர் ‘தட் மோர்னிங்’ என்றே எழுத வேண்டும், எவ்வளவு உயிரோட்டமாகக் கதை சொன்னாலும். ‘திஸ் மோர்னிங்’ என்றால் இன்றைய காலை என்று பொருள் திரும்பிவிடும்.

முன்னிடைச்சொல் விடயத்தில் சில சில்லறை வேறுபாடுகள் இருக்கின்றன. விதி தேடாமல் மனனம் பண்ணுங்கள். ‘தீஸ் டேஸ்’ தனியே வரும், ‘இன் தோஸ் டேஸ்’ என்பதில் ‘இன்’ வேண்டும். ‘திஸ் டைம்’ என்றால் இந்தமுறை. ‘அந்த நேரம்’ என்பதற்கு ‘அட் தட் டைம்’. ‘திஸ் ஃப்ரைடே’, ‘திஸ் வீக்’, ‘திஸ் இயர்’ என்பவற்றுக்கு முன்னால் ‘ஒன்’, ‘இன்’ எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பற்றிக் கூடுதல் எச்சரிக்கை: ‘திஸ் ஃப்ரைடே’ என்பதையும் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்பதையும் ஆங்கிலம் பேசுபவர்களே ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். அறைப் பதிவு, படகுப் பதிவு என்றால் திகதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அனுபவம் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதும் சுட்டை மாற்றும். சாப்பிட்டுக்கொண்டே ‘திஸ் இஸ் டெலிஷஸ்’. கை கழுவிய பின் ‘தட் வொஸ் டெலிஷஸ்’. திமிங்கிலம் பார்க்கப் போன படகு கரை சேர்ந்து, பயணிகள் இறங்கும்போது ‘தட் வொஸ் எ குட் ட்ரிப்’. படகு கண்முன்னே ஆடிக்கொண்டு நின்றாலும் பயணம் முடிந்துவிட்டது, ஆகவே ‘தட்’. கையால் தொடக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் முடிவுற்றதா என்ற கேள்விதான் தூரத்தை அளக்கிறது.

சுட்டாத ‘தட்’

‘தட்’ எல்லாம் சுட்டல்ல. ‘ஐ நோ தட் ஹீ கேம்’ என்பதில் அது நம் ‘என்று’. ‘த போட் தட் கேம்’ என்பதில் அது ‘வந்த படகு’ என்னும் பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. பிரித்தறிய எளிய சோதனை உண்டு: ‘தட்’டை எடுத்துவிட்டுத் ‘திஸ்’ஸைப் போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் சுட்டு, குலைந்தால் சுட்டல்ல. காதும் உதவும். சுட்டுத் ‘தட்’ அழுத்தமாக ஒலிக்கும். மற்றது ‘தட்’டா ‘தெட்’டா என்று தெரியாமல் வாய்க்குள் கரைந்துபோகும். எல்லாத் ‘தட்’டையும் ஒரே அழுத்தத்தில் படிப்பதால்தான் நம் வாசிப்பு சில இடங்களில் தட்டச்சுப் போல ஒலிக்கிறது.

‘இவ்வளவு’, ‘அவ்வளவு’ என்ற அளவுப் பொருளிலும் ‘திஸ்’ஸும் ‘தட்’டும் வரும். இரு கையையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டி ‘அபவுட் திஸ் லோங்’ என்கிறோம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ‘இட்’ஸ் நொட் தட் ஃபார், அபவுட் வன் கிலோமீற்றர்’. இந்த வேலைக்குத் ‘தீஸ்’, ‘தோஸ்’ ஒருபோதும் வராது.

ஒப்பிடும்போது ஒரு பெயரை இரு முறை சொல்லாமல் தப்பவும் ‘தட்’ உதவும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றையும் அடுத்ததையும் ஒப்பிட்டு: ‘த வோட்டர் இன் திஸ் வெல் இஸ் ஹொட்டர் தென் தட் இன் த நெக்ஸ்ட்’. தண்ணீர் ஒருமை என்பதால் ‘தட்’. பன்மைப் பெயரானால் ‘தோஸ்’. இதை மறந்து ‘ஹொட்டர் தென் த நெக்ஸ்ட் வெல்’ என்று எழுதினால், தண்ணீரைக் கிணற்றோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘தெரிந்தவர்கள்’, ‘வந்தவர்கள்’ என்ற வகைச் சொற்களுக்குத் ‘தோஸ் ஹூ’: ‘தோஸ் ஹூ கேம் லேட்’. தூரம் கிட்ட என்ற பேச்சே இதில் இல்லை, ‘தீஸ் ஹூ’ என்று வராது.

ஒலி

தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் தகரம் வல்லொலி, ‘தலை’யில் வருவதைப் போல. ஆங்கிலச் சுட்டுகளுக்கு வேண்டியது உயிர்களுக்கு நடுவே மெலியும் தகரம், ‘இது’, ‘அது’ என்பவற்றில் கேட்பது. ஆகவே ‘இதிஸ்’ என்று சொல்லிப் பார்த்து, பிறகு முன்னால் உள்ள இகரத்தை மட்டும் சத்தமில்லாமல் விழுங்குங்கள். நாக்கின் நுனி மேற்பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ‘அதட்’, ‘அதோஸ்’ என்று மற்றவற்றுக்கும் இதே வழி.

‘திஸ்’ஸுக்கும் ‘தீஸ்’ஸுக்கும் இரண்டு வித்தியாசம். உயிர் குறிலா நெடிலா என்பது ஒன்று. அது நமக்குக் கைவந்த கலை. முடிவில் வரும் ஒலி மற்றது: ‘திஸ்’ஸில் வெறும் காற்று, ‘தீஸ்’ஸிலும் ‘தோஸ்’ஸிலும் தொண்டை அதிரும். குரல்வளையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு தெரியும். அந்த அதிரும் ஒலி உடனே வராவிட்டால் கவலை வேண்டாம், ஈகாரத்தை நன்றாக நீட்டினாலே கேட்பவருக்குப் பன்மை என்று விளங்கும். குறுக்கிச் சொல்லிவிட்டால் எவ்வளவு சரியான ‘ஸ்’ போட்டாலும் விளங்காது.

அயற்கூற்றுக்கு மாற்றும்போது

க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிப்பவர்கள் நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும் பயிற்சியில் ‘திஸ்’ஸைத் ‘தட்’டாகவும், ‘தீஸ்’ஸைத் ‘தோஸ்’ஸாகவும், ‘ஹியர்’ என்பதை ‘தெயர்’ என்றும் மாற்ற மனனம் செய்திருப்பார்கள். ‘ஐ லைக் திஸ் பிளேஸ்’ என்றவரைப் பற்றிப் பிறகு ‘ஷீ செட் தட் ஷீ லைக்ட் தட் பிளேஸ்’. இதில் முதல் ‘தட்’ சுட்டல்ல, இரண்டாவதுதான் சுட்டு. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றை வெட்டிவிடும் மாணவர் உண்டு. சுட்டை வெட்டாதீர்கள், ‘என்று’ பொருளில் வரும் முதலாவதை வேண்டுமானால் விடலாம்.

மாற்றத்துக்குக் காரணம் இலக்கணம் அல்ல, இடம். சொன்னவர் நின்ற இடத்தில் சொல்பவர் இப்போது இல்லை என்பதால்தான் ‘திஸ்’ ‘தட்’ ஆகிறது. அதே கோணேசர் கோயில் வாசலில் நின்றுகொண்டு, அக்கா சற்று முன் சொன்னதைத் தங்கை திருப்பிச் சொன்னால் ‘ஷீ செட் ஷீ லைக்ட் திஸ் பிளேஸ்’ என்பதே சரி. பயிற்சித் தாளில் இடம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லையென்றால் மாற்றி எழுதுங்கள். குறிப்பு இருந்தால் அதைப் படித்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.